பரிசல் ஏலமும் புறநகர் வண்டியும்

காவிரிக் கரையில் அமைந்த எங்கள் சிற்றூரில் அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளி கிடையாது. படிக்க வேண்டுமானால் அக்கரைக்குச் செல்ல வேண்டும். பாலம் வருவதற்கு முன்பு பரிசல் ஒன்றே வழி. ஆண்டுக்கொரு முறை பரிசல் துறை ஏலம் விடப்படும். ஏலம் எடுத்தவர் அவ்வாண்டு முழுவதும் துறைக்கு அரசர். ஆளுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு, மிதிவண்டிக்கு இவ்வளவு என்று ஏல நிபந்தனையிலேயே கட்டணம் குறிக்கப்பட்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகளைக் கட்டணமின்றி ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதும் அந்நிபந்தனைகளுள் ஒன்று.

ஏற்றத்தான் செய்தார். ஆனால் எப்பொழுது? சந்தைக்குக் கூடை சுமந்து செல்வோர், பால்காரர், மிதிவண்டிக்காரர் எனக் காசு கொடுப்போர் அனைவரும் அக்கரை சேர்ந்த பின்னர். பள்ளியின் முதல் மணி ஆற்றைக் கடந்து வந்து எங்கள் செவியில் விழும். நாங்களோ இக்கரை மணலில் நின்றுகொண்டிருப்போம். பிந்திச் சென்றதற்காக வாங்கிய பிரம்படிகளை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. ஒரு நாள் என் நன்னா துறைக்கே வந்து நியாயம் கேட்டார்கள். பரிசல்காரர் சினங்கொள்ளவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளைகளை ஏத்தணும்னுதானே சீட்டுல போட்டிருக்கு ராவுத்தரய்யா, எப்ப ஏத்தணும்னு போடலியே" என்று பணிவாகவே விடையிறுத்தார். அவர் கூறியதில் பொய் ஏதுமில்லை.

பொதுமக்கள் அன்றாடம் நம்பி வாழும் ஒரு பணியை அரசு ஒப்பந்தத்தின் பேரில் தனியாரிடம் ஒப்படைப்பது நன்றா, தீதா என்னும் வினா எழும்போதெல்லாம் அந்த விடையே என் நினைவுக்கு வருகிறது. பட்டிமன்றங்களில் இவ்வினா இரண்டாகப் பிளந்து நிற்கும். 'தனியார் வந்தால் திறமை வரும்' என்பார் ஓர் அணியினர். 'தனியார் வந்தால் கொள்ளை வரும்' என்பார் மற்றோர் அணியினர். கைதட்டல் இரு அணிக்கும் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதை எழுதியவர் யார் என்று இரு அணியினரும் கேட்பதில்லை. இவ்வினாவை ஆராய ஆஸ்திரேலிய நாட்டின் மெல்போர்ன் நகரத்துப் புறநகர் வண்டிகளைக் காட்டிலும் பொருத்தமான சான்று வேறில்லை எனலாம். கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்நகரின் வண்டிகளை ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்களே இயக்கி வருகின்றன.

மெல்போர்னுக்குக் கம்பெனி வண்டி புதிதன்று. ஆஸ்திரேலியாவின் முதல் நீராவிப் புகைவண்டியே அந்நகரில் 1854-ஆம் ஆண்டு தனியார் கம்பெனி ஒன்றினால்தான், பிளிண்டர்ஸ் தெருவிலிருந்து துறைமுகம் வரையில், ஓட்டப்பெற்றது. அதன் வழிவந்த கம்பெனியை 1878-இல் அரசு விலைக்கு வாங்கிற்று. அதன் பின்னர் நூற்றிருபது ஆண்டுக்காலம் அரசே வண்டிகளை ஓட்டியது. 1919-இல் மின்மயமாக்கல் தொடங்கியதும், 1980-களில் நகரின் நடுவே நிலத்தடிச் சுற்றுப்பாதை திறக்கப்பட்டதும் அரசின் கையில் இருந்தபோதே. 1999 ஆகஸ்டுத் திங்களில் செஃப் கென்னட் தலைமையிலான விக்டோரிய மாநில அரசு வண்டிகளை இயக்கும் பொறுப்பை மீண்டும் தனியாரிடம் தந்தது.

தந்த முறைதான் வியப்புக்குரியது. 'போட்டி இருந்தால்தான் திறமை பிறக்கும்' என்னும் பொருளியல் பாடத்தை அப்படியே கடைப்பிடித்து, ஒரே நகரின் வண்டிகளை இரண்டாகப் பிரித்து இரு நிறுவனங்களுக்கு வழங்கினர். கிழக்கும் வடகிழக்கும் ஒருவருக்கு. எஞ்சிய திசைகள் மற்றொருவருக்கு. ஒப்பந்தக் காலம் 15 ஆண்டுகள். எந்த ஊரில் போட்டி? பிராங்ஸ்டனில் வாழ்பவர் பிராங்ஸ்டன் வண்டியில்தான் ஏற முடியும். 'இந்நிறுவனத்தின் வண்டி பிடிக்கவில்லை, நாளை முதல் லில்லிடேல் வண்டியில் போகிறேன்' என்று அவர் கூற முடியுமா? இரண்டு கடைகள் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தால் போட்டி. வெவ்வேறு ஊரில் இருந்தால் அது போட்டி ஆகாது. இதனை அறியப் பொருளியல் பட்டம் வேண்டியதில்லை. பிரித்ததன் விளைவாக நேர்ந்தது வேறு. ஒரு நிறுவனம் அல்ஸ்டாம் வண்டிகளை வாங்கியது. மற்றது சீமென்ஸ் வண்டிகளை வாங்கியது. ஒரே நகரின் ஒரே தண்டவாளத்துக்கு ஒன்றோடொன்று பொருந்தாத இருவகைப் புதுவண்டிகள்! பிற்காலத்தில் முழு நகரமும் ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தபோதும் அவ்விரு வகைகளும் அப்படியே இருந்தன.

அரசு தரும் மானியம் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும், முடிவில் மானியமே தேவைப்படாத நிலை பிறக்கும் என்று 1999-இல் நம்பினர். பயணிகள் பெருகுவர், செலவு சுருங்கும் என்று கணக்கிட்டு நிறுவனங்கள் மிகக் குறைந்த மானியத்துக்கு ஒப்புக்கொண்டன. கணக்கு பொய்த்தது. 2002 டிசம்பரில், பாதிக்கு மேற்பட்ட வண்டித் தடங்களை ஏற்றிருந்த நேஷனல் எக்ஸ்பிரஸ் என்னும் பிரித்தானிய நிறுவனம் இனி இயலாது என்று விலகிச் சென்றது. பதினைந்தாண்டு ஒப்பந்தம் நான்காண்டும் நிறைவுபெறவில்லை. பிணையாக வைத்த பெருந்தொகை போயிற்று. ஆனால் நிறுவனம் தப்பித்தது.

நிறுவனம் போய்விடலாம், வண்டி நிற்க முடியாது. மறுநாட் காலையிலும் அதே ஓட்டுநர்கள் அதே வண்டிகளை ஓட்டினர். இடைக்கால நிருவாகிகளை அரசு அமர்த்தியது, செலவையும் ஏற்றது. 2004 ஏப்ரலில் முழு நகரமும் கானெக்ஸ் என்னும் மற்றை நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. போட்டிக்காகப் பிரித்தது ஐந்தாண்டுகூட நிலைக்காமல் மீண்டும் ஒன்றாயிற்று. இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நட்டம் வந்தால் விலகும் உரிமை ஒருவருக்கும், என்ன வந்தாலும் விலக இயலாத கடமை மற்றொருவருக்கும் உரியதாயின், அவ்விருவருக்கும் இடையிலுள்ளது சமமான ஒப்பந்தம் அன்று. நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. தில்லி வானூர்தி நிலைய விரைவுத் தடத்தை முப்பதாண்டுக் காலத்துக்கு ஏற்ற தனியார் நிறுவனம், 2011-இல் வண்டிகளை ஓட்டத் தொடங்கி, 2013-இல் கைவிட்டது. அன்று முதல் அவ்வண்டிகளைத் தில்லி மெட்ரோ கழகமே ஓட்டி வருகிறது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுபெற 2024 ஆயிற்று.

மெல்போர்னுக்குத் திரும்புவோம். 2009 சனவரி இறுதியில் அந்நகரைக் கடும் வெப்பம் தாக்கிற்று. மூன்று நாட்கள் தொடர்ந்து 43 டிகிரி செல்சியசுக்கு மேல். தண்டவாளங்கள் நெளிந்தன, வண்டிகளின் குளிர்சாதனங்கள் செயலிழந்தன, ஏராளமான வண்டிகள் நிறுத்தப்பட்டன. மக்களின் சினம் முழுவதும் கானெக்சின்மீது பாய்ந்தது. பாதையும் வண்டியும் பழமையுற்றிருந்தன. பயணிகள் தொகையோ யாரும் எதிர்பாராத வகையில் பெருகியிருந்தது. அதற்கேற்ற முதலீட்டை அரசு உரிய காலத்தில் செய்யவில்லை. என்றாலும் பெயர்ப்பலகையில் இருந்தது கம்பெனியின் பெயரே. அரசுக்கு இதுவும் ஒரு வசதி! திட்டு வாங்க ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டதுபோல் ஆயிற்று. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று கானெக்ஸ் வெளியேறி, மெட்ரோ டிரெயின்ஸ் மெல்போர்ன் என்னும் புதிய நிறுவனம் வந்தது. ஊழியர்கள் பெரும்பாலும் பழையவர்களே, சீருடை புதிது.

தமிழாசிரியன் என்னும் முறையில் ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிக் கூற விழைகிறேன். 'தனியார்' என்கிறோம். மெட்ரோ டிரெயின்ஸ் நிறுவனத்தில் பெரும்பங்கு ஆங்காங்கின் எம்.டி.ஆர். கழகத்துக்கு உரியது. அக்கழகத்தின் பங்குகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பகுதி ஆங்காங்கு அரசின் கையில் உள்ளது. இன்னொரு பங்காளியான ஜான் ஹாலண்டு நிறுவனத்தை 2015-இல் சீன அரசுக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் புறநகர் வண்டிகளை 2014 முதல் ஒப்பந்தத்தின் பேரில் ஓட்டிவரும் கியோலிஸ் நிறுவனத்தின் பெரும்பங்கு பிரெஞ்சு அரசு இருப்புப்பாதைக் கழகத்தினுடையது. ஓர் ஊரின் அரசு மற்றோர் ஊரில் தனியாராகிறது. அரசால் வண்டி ஓட்ட முடியாது என்று கூறி வேறோர் அரசின் நிறுவனத்தை அழைத்து வருவதை என்னென்பது? அகராதியில் இதற்குச் சொல் தேடினேன், அகப்படவில்லை.

இனிப் பரிசல்காரரிடம் வருகிறேன்.

ஒப்பந்தம் என்றால் அளவுகோல் வேண்டும். மெல்போர்ன் ஒப்பந்தத்தில் முதன்மையான அளவுகோல்கள் இரண்டு. குறித்த வண்டிகளுள் எத்தனை ஓடின என்பது ஒன்று; ஓடியவற்றுள் எத்தனை உரிய நேரத்தில் சேர்ந்தன என்பது மற்றொன்று. 4 நிமிடம் 59 விநாடி வரையில் தாமதமானால் அது 'உரிய நேரம்' என்றே கொள்ளப்படும். குறித்த விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அபராதமும் பயணிகளுக்கு இழப்பீடும் உண்டு. மேலே சென்றால் ஊக்கத்தொகை கிடைக்கும். படிக்கும்போது குறையொன்றும் தோன்றவில்லை அல்லவா?

நகரின் தென்மேற்கே வெரிபீ செல்லும் தடத்தில் நியூபோர்ட் என்னும் நிலையத்துக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேரே செல்லும். மற்றொன்று கடற்கரைப் பக்கம் வளைந்து சீஹோம், ஆல்டோனா, வெஸ்டோனா என்னும் மூன்று நிலையங்களைத் தொட்டு லாவர்ட்டனில் மீண்டும் சேரும். வளைவுப் பாதை பெரும்பகுதியும் ஒற்றைத் தடம். வண்டி தாமதமானால் நிறுவனம் என்ன செய்யும்? வளைவைத் தவிர்த்து நேர்ப்பாதையில் வண்டியை விடும். இழந்த நிமிடங்கள் திரும்பக் கிடைக்கும். கடைசி நிலையத்தை வண்டி உரிய நேரத்தில் அடையும். கணக்கேட்டில் அது நேரந்தவறாத வண்டி. ஆல்டோனாவில் இறங்க வேண்டியவர் நியூபோர்ட்டில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்து நிற்பார். வெஸ்டோனா நடைமேடையில் நிற்பவர் வாராத வண்டியை எதிர்பார்த்து நிற்பார். 2010-களில் இது அடிக்கடி நிகழ்ந்து அப்பகுதி மக்களின் தீராத குறையாக இருந்தது. நகரின் நிலத்தடிச் சுற்றுப்பாதையையும் இவ்வாறே வண்டிகள் தவிர்த்துச் சென்றதுண்டு.

ஓர் எண்ணைக் காப்பதற்காக மூன்று ஊரார் கைவிடப்பட்டனர். யார் குற்றம்? நிறுவனம் ஒப்பந்தத்தை மீறவில்லை. வண்டியை ஓட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது, ஓட்டியது. நேரத்தில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தது, சேர்ந்தது. தாமதமான வண்டி மேலும் தாமதமானால் பின்னால் வரும் பத்து வண்டிகளும் தாமதமாகும் என்று தொழில்நுட்பம் அறிந்தோர் கூறும் விளக்கத்திலும் உண்மை உண்டு; அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த இழப்பை எப்போதும் அதே மூன்று நிலையத்தாரே ஏன் சுமக்க வேண்டும் என்னும் வினாவுக்கு அவ்விளக்கத்தில் விடை இல்லை. காத்திருப்பவரை எண்ணுவதற்கு ஒப்பந்தத்தில் கட்டம் இல்லை. ஆகவே அவரை யாரும் எண்ணவில்லை.

2017 நவம்பரில் தொடங்கிய ஒப்பந்தத்தில் இதனைத் திருத்தினர். நேரந்தவறாமைக்கான எல்லையை 88 விழுக்காட்டிலிருந்து 92-க்கு உயர்த்தியதோடு, நிலையங்களைத் தவிர்த்துச் செல்வதற்கும் அபராதம் விதித்தனர். எட்டாண்டுகள் பொறுத்துப் பெற்ற திருத்தம் அது. ஏழாண்டுக்கு எழுதப்பட்ட அவ்வொப்பந்தம் 2024-க்குப் பின்னரும் நீட்டிக்கப்பட்டது.

இவற்றைக் கொண்டு, அரசே ஓட்டினால் எல்லாம் செம்மையாகும் என்று முடிவு கட்டுவோர் அவசரக்காரர். மெல்போர்னில் புறநகர் வண்டிகள் தனியாரிடம் இருக்க, வெளியூர் செல்லும் வி/லைன் வண்டிகள் நேஷனல் எக்ஸ்பிரஸ் விலகிய நாள்முதல் அரசின் கையிலேயே உள்ளன. 2016 சனவரியில் அந்த அரசு வண்டிகளின் சக்கரங்கள் அளவுமீறித் தேய்ந்தமை வெளிப்பட்டு, வண்டிகள் நிறுத்தப்பட்டு, மக்கள் பேருந்துகளில் அலைக்கழிந்தனர். 2020-இல் துப்புரவு ஒப்பந்தம் குறித்து மாநில ஊழல் தடுப்பு ஆணையம் நடத்திய பொது விசாரணையில் அரசின் வி/லைன், தனியாரின் மெட்ரோ ஆகிய இரு நிறுவனங்களின் அதிகாரிகளும் விசாரிக்கப்பட்டனர். உடைமை மாறினால் உள்ளம் மாறிவிடுவதில்லை. மெல்போர்ன் வண்டிகளின் நிலை பிற்காலத்தில் மேம்பட்டது என்பதும் மெய்யே. ஆனால் 2015 முதல் சாலைக் கடவுகளை ஒவ்வொன்றாக அகற்றி வருவதும், 2025 நவம்பரில் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் நிலத்தடிப் பாதையும், அதன் ஐந்து புதிய நிலையங்களும் பொதுமக்கள் பணத்தால் அரசு செய்தவை. வண்டி ஓட்டும் ஒப்பந்தம் அவற்றைத் தரவில்லை.

அந்நகரில் வாழ்ந்து 2013-இல் மறைந்த போக்குவரத்து அறிஞர் பால் மீஸ், மெல்போர்ன் தனியார் ஒப்பந்தங்களைக் கடுமையாக எதிர்த்தவர். அவர்தாமே சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரை முன்மாதிரியாகக் காட்டினார். அங்கும் பல நிறுவனங்கள் வண்டிகளையும் பேருந்துகளையும் இயக்குகின்றன. ஆனால் எந்த வண்டி எந்த நேரத்தில் எங்கு நிற்கும், அதில் இறங்குபவருக்கு அடுத்த பேருந்து எப்போது என்பதைப் பொது அமைப்பொன்று தீர்மானிக்கிறது. ஓட்டுவது யார் என்பதைவிடத் தீர்மானிப்பது யார் என்பதே பெரிது என்றார் அவர். என் கருத்தும் அதுவே. கூலிக்கு ஆள் வைத்து வயலை உழலாம். என்ன பயிரிடுவது என்பதையும் கூலியாளிடமே விட்டுவிட்டு நகரத்தில் போய்க் குடியிருப்பவன் விரைவில் நிலத்தின் அடையாளத்தையும் மறப்பான். அடிலெய்டு நகரின் வண்டிகளை 2021-இல் தனியாரிடம் ஒப்படைத்த தெற்கு ஆஸ்திரேலிய அரசு, ஆட்சி மாறிய பின்னர் 2025 சனவரியில் மீட்டுக்கொண்டது. நான்கே ஆண்டுகளாதலால், தொழில் அறிந்தவர்கள் இன்னும் பணியில் இருந்தனர். நாற்பதாண்டுக்குப் பின் மீட்க நேர்ந்தால் எங்கே போய் ஆள் தேடுவது?

இவையெல்லாம் கடல்கடந்த செய்திகள், நமக்கென்ன என்று மாணவர் சிலர் எண்ணலாம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-இல் மின்தொடர் வண்டிகள் முதன்முதலாக ஓடியபோது அவற்றை ஓட்டியதும் ஒப்பந்தம் பெற்ற கம்பெனியே. பாதை அரசுக்கு உரியது. நடத்தும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு உரியது. இயக்குநர் குழு இலண்டனில், தலைமையகம் திருச்சிராப்பள்ளியில். முதலுக்கு வட்டி உறுதி, ஆதாயத்தில் பங்கு. அக்கம்பெனி மின்வண்டி விட்டதனால்தான் மாம்பலமும் சைதாப்பேட்டையும் தாம்பரமும் நகரத்தோடு இணைந்து வளர்ந்தன என்பதை மறப்பது நன்றியன்று. நாகப்பட்டினத்துத் தொழிற்கூடத்தைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்பில் இறங்கியதும், 1928-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டதும், சிங்காரவேலர் சிறை சென்றதும் அக்கம்பெனியின் வரலாறே. மூன்றாம் வகுப்புப் பயணியின் குறையை இலண்டன் குழுவில் எடுத்துரைக்க ஆளில்லை. இந்திய இருப்புப்பாதைகளை ஆராய 1920-இல் அமைந்த ஆக்வொர்த் குழுவில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் ஓர் உறுப்பினர். அரசே நேரடியாக நடத்த வேண்டும் என்னும் பரிந்துரை அக்குழுவிலிருந்து பிறந்தது. எனினும் தென்னிந்தியக் கம்பெனியிடமிருந்து அரசு நிருவாகத்தை ஏற்றது 1944 ஏப்ரல் முதல் நாளன்றுதான். நம் தாத்தாமார் சீசன் டிக்கெட் எடுத்துச் சென்றது கம்பெனி வண்டியில் என்பதை அறியாமலே நாம் இவ்வினாவைப் புதிதென்று கருதி விவாதிக்கிறோம்.

நாளை நம் நகரங்களில் ஏதேனும் ஒரு பணிக்கு இத்தகைய ஒப்பந்தம் வரலாம். வரும்போது எதிர்ப்புக் கூட்டமும் நடக்கும். வரவேற்புக் கூட்டமும் நடக்கும். ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வரிவரியாகப் படித்து, 'கடைசி வண்டி எத்தனை மணிக்கு? கூட்டம் குறைந்த நிலையத்தில் நிற்குமா? சக்கர நாற்காலியில் வருபவரை ஏற்றுவது யார் கடமை? பள்ளி, கல்லூரி நேரம் கணக்கில் உண்டா?' என்று கேட்பவர் எத்தனை பேர் இருப்பர்? தமிழ் படித்தால் என்ன பயன் என்று எம்மிடம் கேட்கும் மாணவர்க்கு நான் கூறும் விடைகளுள் இதுவும் ஒன்று: ஒரு வாக்கியத்தில் எது சொல்லப்படவில்லை என்று காணும் பயிற்சி இங்கே கிடைக்கும்.

என் நன்னா பெரிய படிப்பாளி அல்லர். துறையிலிருந்து வீடு திரும்பியவர்கள் பரிசல்காரரை ஒரு சொல்லும் ஏசவில்லை. அடுத்த ஆண்டு ஏலத்துக்குச் சில நாள் முன்னதாக, ஊர்ப் பெரியவர்கள் நால்வரை அழைத்துக்கொண்டு அலுவலகம் சென்றார்கள். இரண்டு முறை நாளை வா என்று அனுப்பினார்களாம். மூன்றாம் முறை எழுதிவிட்டார்கள். பள்ளி வேலை நாட்களில் காலை எட்டரை மணிக்குள் பிள்ளைகளை முதலில் ஏற்ற வேண்டும் என்று ஏல அறிவிப்பில் ஒரு வரி கூடியது. அவ்வாண்டும் ஏலம் எடுத்தவர் அதே பரிசல்காரர்தாம். பரிசலும் பழையதே. முதல் நாள் காலை எங்களைப் பார்த்ததும், "ஏறுங்க, ஏறுங்க, உங்க நன்னா எழுதி வச்சிட்டாருல்ல" என்று சிரித்துக்கொண்டே துடுப்பை எடுத்தார்.